சுண்டாப் பிளவும் திருக்கோணமலைக் கரையும்: வாசகர் கேள்வி – பதில்

டிசெம்பர் நெருங்கினால் 2004 ஆழிப்பேரலையைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இம்முறை அலையைவிட அதைக் கிளப்பிய நிலநடுக்கத்தைப் பற்றித்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

ஒரு புத்தகத்தில் நிலநடுக்கம் காலை 6.28க்கு என்றும் இன்னொன்றில் 6.58க்கு என்றும் இருக்கிறது. பரீட்சைக்கு எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, உப்புவெளி

இரண்டும் ஒரே கணம்தான். உலக நேரப்படி அது 00:58:53. 2004இல் இலங்கைக் கடிகாரம் உலக நேரத்துக்கு 6 மணித்தியாலம் முன்னே ஓடியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பினோம். ஆகவே அன்று திருக்கோணமலையில் மணி 6.58, சென்னையில் 6.28. இன்றைய இலங்கை நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறவர்கள் நமக்கும் 6.28 என்று எழுதிவிடுகிறார்கள். "அன்றைய இலங்கை நேரம் 6.58" என்று எழுதுங்கள், குழப்பம் வராது.

இது சின்ன விடயமல்ல. அலை நம் கிழக்குக் கரையைத் தொட்டது அன்றைய நேரம் ஒன்பதை ஒட்டி. அதாவது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து. ஒரு நேரத்தை ஒரு கணக்கிலும் மற்றதை வேறு கணக்கிலும் எடுத்தால் அது ஒன்றரையாகவோ இரண்டரையாகவோ மாறிவிடும். நமக்கு எவ்வளவு அவகாசம் உண்டு என்பதே அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் இருக்கிறது.

சுமாத்திரா எங்கே, நாங்கள் எங்கே? இங்கே ஒரு சுவர்கூட வெடிக்கவில்லை. நிலம் ஆடாத ஊருக்கு அலை மட்டும் எப்படி வந்தது?
– திருக்கடலூர், மனையாவெளி வாசகர்கள்

வரைபடங்களில் சுமாத்திராவின் வடமேற்கே ஒரு புள்ளி போட்டு "மையம்" என்று எழுதியிருப்பார்கள். வடக்கு 3.3 பாகை, கிழக்கு 96 பாகைக்குப் பக்கம். அந்தப் புள்ளி, கடலடிப் பாறையில் கிழிசல் தொடங்கிய இடம் மட்டுமே. துணியில் கத்தரி முதலில் பட்ட இடத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழிசல் வடக்கு நோக்கி நிக்கோபாரைக் கடந்து அந்தமான் வரை ஓடியது. நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர், ஓடி முடிக்க எடுத்தது 8 முதல் 10 நிமிடம். நமக்கு நேர் கிழக்கே இருப்பது அந்த நிக்கோபார்த் துண்டு. திருக்கோணமலையிலிருந்து சுமார் 1,300 கிலோமீற்றர்தான். "சுமாத்திரா நிலநடுக்கம்" என்ற பெயர் நம்மைத் தவறான திசையில் பார்க்க வைக்கிறது. தென்கிழக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பிளவு கண்ணில் படாது.

அங்கே நடப்பது இதுதான். பூமியின் மேலோடு பெரும் பாறைத் தகடுகளால் ஆனது. நாம் இருக்கும் தகடு, சுமாத்திராவுக்கும் நிக்கோபாருக்கும் மேற்கே கடலடியில் நீளும் சுண்டாப் பள்ளத்தில் கிழக்குப் பக்கத்துத் தகட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றராகச் சரிந்து போகிறது. இரண்டும் வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒட்டிக்கொள்கின்றன. கீழே போகும் தகடு, மேலே கிடக்கும் தகட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வளைந்த விளிம்பு ஒருநாள் விடுபட்டு மேற்கே எகிறுகிறது. 2004இல் சுமாத்திராவின் வட முனையான அச்சேயின் கரைக்கு வெளியே இந்த நகர்வு அதிகபட்சமாக 15 மீற்றரையும் தாண்டியது. விளிம்பு உயர்ந்தபோது அதன் மேலிருந்த கடல்நீர் முழுவதும், அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை, சேர்ந்து உயர்ந்தது. அதுதான் அலை.

நில ஆட்டம் தூரத்தோடு தேய்ந்துவிடும். 1,300 கிலோமீற்றருக்கு அப்பால் வீட்டை விழுத்தும் பலம் அதற்கு இல்லை. ஆழ்கடல் அலை அவ்வளவு சுலபமாகத் தேயாது. வேகத்தை நீங்களே கணக்கிடலாம்: ஆழத்தை மீற்றரில் எடுத்து 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையருகே 10 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 10 மீற்றர்தான். முன்பகுதி மெதுவாக, பின்பகுதி முட்டிக்கொண்டு வர, உயரம் கூடுகிறது. வங்காள விரிகுடாவின் மேலே அன்று தற்செயலாகக் கடந்துபோன ஜேசன்-1 செய்மதி நடுக்கடலில் அளந்தது வெறும் 60 சென்ரிமீற்றர் அளவான எழுச்சி. 4,000 மீற்றரிலிருந்து 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது மட்டும் அது நாலரை மடங்காகும். கரையேறும்போது இன்னும் கூடும்.

இன்னொன்று திசை. அலையின் பலத்தில் பெரும்பங்கு பிளவுக்குச் செங்குத்தாகவே போகும். நிக்கோபார்ப் பிளவு வடக்குத் தெற்காகக் கிடப்பதால் அதன் நேர் மேற்கே இலங்கையும் தமிழ்நாட்டுக் கரையும் அகப்பட்டன. பிளவின் வட முனைக்கும் அப்பால் இருக்கும் வங்காளதேசக் கரையில் சேதம் மிகக் குறைவாக இருந்ததற்கு இது முக்கிய காரணம்.

2004 நிலநடுக்கத்தின் பருமனை முதலில் 8.0 என்றார்கள், பிறகு 8.5, கடைசியில் 9.1. கருவிகள் பிழையா?
– ஆசிரியர், மூதூர்

கருவிகள் சரியாகத்தான் எழுதின. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் தொடங்கிய 15 நிமிடத்தில் முதல் அறிக்கையை விட்டது, 8.0 என்று. அந்த விரைவுக் கணிப்பு முதலில் வந்து சேரும் குறுகிய அதிர்வுகளை வைத்துச் செய்வது. பத்து நிமிடம் நீடித்துக் கிழியும் ஒரு பிளவின் முழுப் பலமும் மிக நீண்ட அதிர்வுகளில் இருக்கும். அவை வந்து சேர்ந்து, பிரித்துப் பார்க்க நேரம் எடுக்கும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு 8.5 ஆனது. 9 என்ற கணக்கு வந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

எண்களுக்கிடையிலான தூரத்தையும் கவனியுங்கள். பருமனில் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். 8.0க்கும் 9.1க்கும் இடையே ஏறத்தாழ 45 மடங்கு. ஆகவே முதல் அறிவித்தலில் வரும் எண் சிறிதாக இருக்கிறது என்று கரையிலேயே நின்றுவிடாதீர்கள். பெரிய நடுக்கங்களில் அந்த எண் பின்னர் ஏறலாம்.

2005 மார்ச்சிலும் 2012 ஏப்ரலிலும் ஊரே இடம்பெயர்ந்து ஓடியது. இரண்டும் 8.6. ஒன்றும் வரவில்லையே? வீண் அலைச்சல் என்று இப்போது பலர் பேசுகிறார்கள்.
– குச்சவெளி

வீண் அலைச்சல் என்ற பேச்சு ஆபத்தானது, அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறோம்.

2005 மார்ச் 28 இரவு உடைந்தது அதே சுண்டாப் பிளவின் அடுத்த துண்டு, நியாஸ் தீவுக்கு அடியில். எகிறியதும் அதே விதமாகத்தான். ஆனால் உயர்ந்த நிலத்தின் பெரும்பகுதி நியாஸ் தீவும் அதைச் சுற்றிய ஆழமற்ற கடலுமாக இருந்தது. சில இடங்களில் பவளப்பாறைகள் மூன்று மீற்றர் வரை மேலே வந்து வெயிலில் காய்ந்தன. தீவு உயர்ந்தால் தள்ளப்படத் தண்ணீர் இல்லை. தீவில் உயிரிழப்பு பெரிது, தூரக் கரைகளுக்கு அலை சிறிது. உடைந்த இடம் ஆழ்கடல் பக்கமாக நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்தால் கதை வேறு.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு வந்தது வேறு வகை. அது பள்ளத்துக்கு மேற்கே, நாம் இருக்கும் தகட்டின் உள்ளேயே உடைந்தது. இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. துருக்கியில் 1939இல் எர்சின்ஜானையும் 1999இல் இஸ்மித்தையும் அழித்த வட அனத்தோலியப் பிளவு நகர்வதும் இப்படித்தான். நிலத்தில் நடந்தால் இந்த வகை, நகரங்களைத் தரைமட்டமாக்கும். கடலடியில் நடந்தால் தளம் மேலெழாது, நீரும் பெரிதாக எழாது. பக்கவாட்டில் நகரும் வகையில் இதுவரை கருவிகளில் பதிவானவற்றுள் அதுவே பெரியது. அப்படியிருந்தும் அலை சிறிதாகவே இருந்தது.

இப்போது முக்கியமான இடம்: எந்த விதமாக உடைந்தது என்று உறுதியாகச் சொல்லக் கொஞ்ச நேரம் வேண்டும். கடலடியில் இருக்கும் அழுத்தமானிகள் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் மாறினாலும் உணரும். ஆனால் அலை அவற்றின் மேலே போன பிறகுதான் உணரும். அதுவரை காத்திருந்துவிட்டு நிலாவெளியிலிருந்து முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட முடியாது. 2012இல் ஓடியது சரியான முடிவு. அடுத்த முறையும் அதையே செய்யுங்கள்.

அன்று போயா நாள். பௌர்ணமிதான் காரணம் என்கிறார்கள்.
– ஈச்சிலம்பற்று

பௌர்ணமி மாதந்தோறும் வருகிறது. பிளவை வளைத்தது நூற்றாண்டுக் கணக்கான இழுவை. நம் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அலையின் உயரத்துக்கும் சந்திரன் சேர்த்தது அதிகமில்லை.

துறைமுகம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை, கிண்ணியாவும் மூதூரும் அழிந்தன. ஒரே குடாதானே?
– கிண்ணியா

ஒரே குடாதான். அடித்தளம் ஒன்றல்ல. கொட்டியாரக் குடாவின் வாயிலிருந்து ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு கிழக்கே இறங்குகிறது. ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டும். ஆழத்தில் அலை வேகமாகவும் ஓரத்து ஆழமற்ற நீரில் மெதுவாகவும் போகும் என்று மேலே கண்டோம். அதனால் அலைமுகம் வளைகிறது. பள்ளத்தாக்கின் நடுக்கோட்டிலிருந்து பலம் இருபுறமும் விலகி, ஆழம் குறைந்த ஓரங்களை நோக்கித் திரும்புகிறது. உட்துறைமுகமோ குடாவுக்குள் இன்னொரு குறுகிய வாசலைக் கடந்து, வளைந்து, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பங்கு குறைவு. கரையும் செங்குத்தானது.

தென்கரை இதற்கு நேர்மாறு. மகாவலி கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் சேர்ந்த தாழ்ந்த நிலம், ஆழமற்ற நீர், பல கிளை வாய்கள். ஆற்றுவாயும் களப்பும் அலைக்குத் திறந்த கதவு. எதிர்ப்பின்றி உள்ளே போய், கடலைப் பார்த்து நிற்கும் வீட்டின் பின்பக்கமாக நீர் வரும். போதாக்குறைக்கு அந்நாளில் கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை, பாதைப் படகில்தான் துறை கடக்க வேண்டும். 2009இல் திறந்த பாலம் இன்று பெரிய வசதி. ஆனால் எச்சரிக்கை வந்தால் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போக முயல வேண்டாம். நெரிசலில் நீரின் மேலேயே மாட்டிக்கொள்வீர்கள். தம்பலகாமம் பக்கமாக உள்நாட்டுக்குப் போவதே வழி.

கன்னியாவில் வெந்நீர் வருகிறதே, அடியில் எரிமலையோ உயிருள்ள பிளவோ இருக்கிறதா?
– பாடசாலை மாணவர்கள், சாம்பல்தீவு

எரிமலை இல்லை. பூமியில் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் சூடு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். மழைநீர் பழைய பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேறொரு வெடிப்பு வழியே ஆறுவதற்குள் மேலே வந்தால் அது வெந்நீரூற்று. ஏழு கிணறுகளிலும் சூடு சற்றுச் சற்று வேறுபடுவது, வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் வெவ்வேறு அளவில் கலப்பதால். இலங்கையின் நிலத்துக்குள்ளும் சிறு அதிர்வுகள் எப்போதாவது வரும். சுண்டாப் பிளவைப் போன்ற தகட்டு விளிம்பு நம் காலடியில் இல்லை.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது போதுமா?
– முன்பள்ளி ஆசிரியை, நிலாவெளி

போதாது. தயவுசெய்து இன்றே திருத்திச் சொல்லுங்கள். பிளவு உடைந்தபோது மேற்கு ஓரம் உயர்ந்தது, கிழக்கு ஓரம் தாழ்ந்தது. தாய்லாந்துப் பக்கம் தாழ்வு முதலில் போனது, அங்கே கடல் வற்றி, பிறகு வந்தது. நம் பக்கம் உயர்வு முதலில் வந்தது. பல இடங்களில் முதலில் நீர் மெதுவாக ஏறி வீதிவரை வந்தது, பிறகு வெகுதூரம் வற்றியது, அதன்பிறகு வந்ததே பேரலை. முதல் ஏற்றத்தைப் பார்த்து "இவ்வளவுதான்" என்று நின்றவர்களும், வற்றிய இடத்தில் மீன் பொறுக்க இறங்கியவர்களும் அடுத்ததில் அகப்பட்டார்கள். ஆகவே பாடம் இப்படி இருக்கட்டும்: கடல் ஏறினாலும், வற்றினாலும், வழக்கமில்லாத இரைச்சல் கேட்டாலும், நிலம் நீண்ட நேரம் ஆடினாலும் ஓடு.

எங்கே ஓடுவது என்பதை இப்போதே நடந்து பாருங்கள். 2004இல் இலங்கையில் அளந்த உயரங்களில் மிகப் பெரியவை 10 மீற்றரைச் சற்றுத் தாண்டின. எனவே 15 மீற்றர் உயரமான தரை அல்லது கடலிலிருந்து 2 கிலோமீற்றர் உட்புறம், எது முதலில் கிடைக்கிறதோ அது. 2 கிலோமீற்றர் நடக்க நல்ல கால்களுக்கு அரை மணித்தியாலம், மழலைகளோடு ஒரு மணித்தியாலமே ஆகலாம். நிலாவெளி முதல் குச்சவெளி வரை ஒரு சிக்கல் உண்டு. பிரதான வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது, பல இடங்களில் பின்னால் களப்பு. வீதியோடு ஓடினால் கடலை விட்டு விலகவே மாட்டீர்கள். குறுக்கே உள்நாட்டுக்குப் போகும் ஒழுங்கை எது, அது களப்பில் முட்டுகிறதா என்று பார்த்து வையுங்கள். முட்டினால், கொங்கிறீற்றுத் தூணும் வளையும் போட்ட கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். கீழ்த்தளம் திறந்தவெளியாக இருந்தால் இன்னும் நல்லது, நீர் ஊடுருவிப் போய்விடும். தூண் இல்லாமல் செங்கல்லில் மட்டும் கட்டிய மாடியை நம்ப வேண்டாம். ஒரு கனமீற்றர் கடல்நீர் ஒரு தொன்னுக்கும் மேல், சுவர் முதலில் போகும், கூரை பிறகு விழும்.

அலைகளுக்கு இடையே 20 நிமிடமும் இருக்கும், 50 நிமிடமும் இருக்கும். ஒன்று வந்து போன அமைதியில் இறங்கக்கூடாது. வானிலை அவதான நிலையத்தின் அறிவித்தல் நீங்கியபின்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் கரையில் கிடக்கும். கொண்டுபோய்விட முடியாதா?
– கடற்றொழிலாளர், சல்லி

கரையில் இருந்தால் விட்டுவிடுங்கள். 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து ஏற்றும் நேரத்தில் குடும்பத்தோடு ஒரு கிலோமீற்றர் போய்விடலாம். ஏற்கனவே கடலில் இருந்தால் கரைக்குத் திரும்பாதீர்கள். 100 மீற்றருக்கு, அதாவது சுமார் 55 பாகத்துக்குக் குறையாத ஆழத்துக்கு வெளியே போங்கள். நம் கரையில் அந்தப் பள்ளத்தாக்கு கிட்ட இருப்பதால் வேறு ஊர்களைவிடச் சீக்கிரம் ஆழம் கிடைக்கும். அங்கே அலை உங்கள் கீழாகப் போகும், தெரியக்கூட மாட்டாது. திரும்பும்போது கவனம்: குடாவுக்குள் நீரோட்டம் பல மணித்தியாலம் சுழலும். தென்னங்குற்றியும் கூரைத் தகடும் மிதக்கும். தண்ணீரும் எரிபொருளும் ஒரு நாளுக்கு மேலதிகமாக எப்போதும் இருக்கட்டும்.

600 ஆண்டுக்கு ஒருமுறைதான் இது வரும் என்று படித்தேன். அப்படியானால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பயமில்லையே?
– ஓய்வுபெற்ற எழுதுநர், திருக்கோணமலை

அந்த 600 ஓர் இடைவெளியின் கணக்கு. தாய்லாந்தின் பிராதோங் தீவில் சேற்றுக்கடியில் 2004 மணலைப் போன்றதொரு பழைய மணல்படை கிடைத்தது. வயது 550 முதல் 700 ஆண்டு. அதையே காலக்கெடுவாக எடுக்கக்கூடாது. அச்சேயில் ஒரு கரையோரக் குகையில் அடுக்கடுக்காகக் கிடந்த மணல், 7,400 ஆண்டு முன்பிலிருந்து 2,900 ஆண்டு முன்புவரை 11 ஆழிப்பேரலைகளைக் காட்டியது. அவற்றில் ஓர் இடைவெளி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். இன்னோரிடத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் பல. பிளவு நாட்காட்டி பார்ப்பதில்லை.

சிறிய உடைவுகளும் இருக்கின்றன. 1881 டிசெம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே ஏறத்தாழ 7.9 பருமனில் ஒன்று உடைந்தது. வங்காள விரிகுடாவின் நீர்மட்டமானிகள் அதன் அலையைப் பதிந்தன, ஒரு மீற்றருக்கும் குறைவு. சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு வெளியே, தெற்குப் பக்கமாக, 1797இலும் 1833இலும் உடைந்த மென்தாவாய்த் துண்டைப் பற்றித்தான் இப்போது அதிகம் கவலைப்படுகிறார்கள். அது வடமேற்குத் தென்கிழக்காகக் கிடப்பதால் பலம் தென்மேற்கே திறந்த சமுத்திரத்துக்குப் போகும். திருக்கோணமலைக்கு 2004 அளவில் வராது என்று எதிர்பார்க்கலாம். நமக்கு நேரானது நிக்கோபார், அந்தமான் துண்டுகளே.

அலை ஏறிய கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது? 2004இல் இறைக்க இறைக்க உப்புக் கூடியது.
– இறக்கக்கண்டி, வெருகல்

கூடியதற்குக் காரணம் இறைத்ததுதான். மணற்கரையில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் இருக்கும். அதாவது மேல்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறக்கினால், அடியிலுள்ள உப்பு 4 மீற்றர் மேலே வரும். பம்பு போட்டு அடிவரை இறைத்தால் உப்பு மேலே வரும், வளையமும் சரியும்.

ஒருமுறை மட்டும், மெதுவாக, பாதிக்குக் கீழே போகாமல் இறைத்துச் சேறு, குப்பை, செத்த பிராணிகளை அகற்றுங்கள். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விடாமல் கடல்பக்கம் தூரமாக விடுங்கள், இல்லாவிட்டால் அதே உப்பு மணலுக்குள்ளால் திரும்பி வரும். பிறகு குளோரின். கிணற்றின் ஆரையை ஆரையால் பெருக்கி, அதை 3.14ஆலும் நீரின் உயரத்தாலும் பெருக்கினால் கனமீற்றர் வரும். ஒன்றரை மீற்றர் விட்டம், 2 மீற்றர் நீர் என்றால் மூன்றரைக் கனமீற்றர். ஒரு கனமீற்றருக்கு 30 வீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 170 கிராம் வீதம், இந்தக் கிணற்றுக்கு 600 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, சுவரிலும் தெளித்து, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். மணம் போகும்வரை வாளியால் அள்ளி ஊற்றுங்கள். மூடி திறந்து பல மாதம் கிடந்த பவுடரில் பலம் இருக்காது.

குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. உப்பைக் கழுவுவது மாரி மழைதான். மழைக்காலம் முழுவதும் அந்தக் கிணற்றில் பம்பு போடாமல், வீட்டுத் தேவைக்கு மட்டும் வாளியால் அள்ளுங்கள். குடிக்கவும் குழந்தைப் பால் கரைக்கவும் பவுசர் நீர் அல்லது பீலியில் பிடித்த மழைநீர். நாவுக்குக் கரிப்புத் தெரிகிற வரையில் கத்தரிக்கும் மிளகாய்க்கும்கூட அந்த நீரைப் பாய்ச்ச வேண்டாம், தென்னை தாங்கிக்கொள்ளும்.